தப்பித்தவரும் தப்புவித்தவரும்

பகைவரின் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்தில் சிறு குழுவாக நுழைந்து, பாலத்தையோ துறைமுகத்தையோ விமானத்தளத்தையோ தகர்த்துவிட்டு மீளுமாறு தனிப்பயிற்சி பெற்ற வீரர்கள் சிறப்புப் படையினர் எனப்படுவர். இத்தகையோருள் எவரேனும் தம் தோழர்களை இழந்து, காயமுற்று, எதிரியின் தேடுதலுக்கிடையே நெடுந்தொலைவு கடந்து உயிரோடு திரும்பிவிட்டால், அந்நிகழ்ச்சி போர் இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றுவிடுகிறது. 1942 டிசம்பரில் பிரான்சின் போர்தோ துறைமுகத்தைத் தாக்கிவிட்டு ஸ்பெயினுக்குத் தப்பிய ஹெர்பர்ட் ஹாஸ்லர், பில் ஸ்பார்க்ஸ் ஆகியோரின் கதையும், 1943இல் நார்வேயின் பனிமலைகளைக் கடந்து சுவீடனை அடைந்த யான் பால்ஸ்ரூட்டின் கதையும், 1991இல் ஈராக்கிலிருந்து சிரியாவுக்கு நடந்தே சென்ற, கிறிஸ் ரயன் என்ற புனைபெயரால் அறியப்படும் பிரிட்டிஷ் வீரரின் கதையும், 2005இல் ஆப்கானிஸ்தானின் குனார் மலைகளில் உயிர்பிழைத்த அமெரிக்கர் மார்கஸ் லட்ரெலின் கதையும் நூல்களாகவும் திரைப்படங்களாகவும் உலகெங்கும் பரவியுள்ளன.

இக்கதைகளைப் படித்தோரும் பார்த்தோரும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கே வந்து சேர்கின்றனர். தப்புதல் என்பது தனியொருவனின் சாதனை. அவனுடைய உடலுறுதி, மனத்திண்மை, கடும் பயிற்சி ஆகிய மூன்றுமே அவனைக் காத்தன. இம்மூன்றும் குறைந்தவர்கள் பிடிபட்டனர் அல்லது மாண்டனர் என்பதே அம்முடிவு. இக்கருத்து கேட்பதற்கு இயல்பாகத் தோன்றுவதாலும், அதைச் சொல்வோர் பலர் அத்துன்பத்தை நேரில் பட்டவர்களாகவே இருப்பதாலும், அதை எதிர்த்துப் பேசுவது வீரர்களின் பெருமையைக் குறைப்பதாகும் என்ற தயக்கம் எழுகிறது. எனினும் தயக்கத்துக்காக ஒரு பிழையான வரலாற்றை ஏற்றுக்கொள்ள முடியாது. மேற்கண்ட கருத்து மூன்று வகையில் தவறானது. நிகழ்ந்த உண்மையோடு அது பொருந்தவில்லை. பிடிபட்டு மாண்டவர்களுக்கும் உதவி செய்து அழிந்தவர்களுக்கும் அது அநீதி இழைக்கிறது. போர்க்களத்துக்கு இனி அனுப்பப்படும் வீரர்களுக்கும் அது தவறான பாடத்தைக் கற்பிக்கிறது.

தனிமனித வீரக் கருத்துக்கு மிகச் சிறந்த சான்றாகக் காட்டப்படும் பால்ஸ்ரூட்டின் நிகழ்ச்சியையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். அவர் பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வே நாட்டுத் தொண்டர் படையான லிங்க கம்பெனியைச் சேர்ந்தவர். 1943 மார்ச் இறுதியில், எட்டு டன் வெடிபொருளோடு ஷெட்லாந்து தீவுகளிலிருந்து புறப்பட்ட பிராத்ஹோல்ம் என்ற மீன்பிடிப் படகில் அவரோடு சேர்த்து 12 பேர் வட நார்வேயை அடைந்தனர். அங்கே அவர்கள் நம்பிச் சென்ற தொடர்பாளர் முன்பே இறந்துபோயிருந்தார். அதே பெயர் கொண்ட வேறொரு கடைக்காரரிடம் அவர்கள் தவறுதலாகத் தங்கள் நோக்கத்தைச் சொல்லிவிட, அச்சமுற்ற அவரிடமிருந்து செய்தி ஜெர்மானியரை எட்டியது. மார்ச் 30ஆம் நாள் ஜெர்மன் கப்பல் ஒன்று அவர்களைச் சூழ்ந்தபோது, படகினர் தாமே படகை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுக் கரைநோக்கித் தப்ப முயன்றனர். ஒருவர் அங்கேயே சுடப்பட்டு இறந்தார். ஏனையோர் பிடிபட்டுச் சித்திரவதையாலும் துப்பாக்கிக் குண்டுகளாலும் மாண்டனர். உறைநீரில் நீந்தி, ஒரு காலில் காலணி இன்றி, கால்விரலில் குண்டடிபட்டு, துரத்தி வந்த அதிகாரியைச் சுட்டு வீழ்த்திவிட்டு மலைச்சரிவில் ஏறி மறைந்த பால்ஸ்ரூட் ஒருவரே எஞ்சினார்.

இதுவரை உள்ள பகுதி தனிமனித வீரத்தின் கதைதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர் சுவீடன் எல்லையைக் கடந்த நாள் ஜூன் 1. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள். அவற்றுள் அவர் தம் கால்களால் நடந்தும் பனிச்சறுக்குப் பலகைகளில் சென்றும் முன்னேறியது முதல் பத்து நாள்களுக்கு உட்பட்டதே. அந்த நாள்களிலும் தீவு விட்டுத் தீவுக்கு அவரைப் படகில் கொண்டுசென்றவர்களும், உலர்ந்த உடையும் உணவும் காலணியும் தந்தவர்களும் மீனவக் குடும்பத்தினரே. லிங்கன் மலைத்தொடரில் பனிச்சரிவில் சிக்கிப் பலகைகளை இழந்து, பனியொளியால் பார்வை மங்கி, நாள்கணக்கில் திசையறியாமல் அலைந்த அவர், ஃபுரூஃப்ளாட்டன் என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக் கதவைத் தற்செயலாக அடைந்தபோது, மேற்கொண்டு நடக்கும் நிலையில் இல்லை. அவருடைய கால்கள் உறைபனியால் கெட்டுப்போயிருந்தன. அதன்பின் கடந்த ஏழு வாரங்களுக்கும் மேற்பட்ட பயணத்தில் அவர் பிறரால் சுமக்கப்பட்டவர்.

அந்தச் சுமையைத் தாங்கியோர் எத்தகையோர் என்பதே இங்கு முதன்மையான கேள்வி. மாரியுஸ் கிரோன்வோல் என்ற இளைஞரும் அவருடைய வீட்டாரும் அயலாரும் பால்ஸ்ரூட்டை முதலில் மாட்டுக்கொட்டகையில் ஒளித்துவைத்தனர். பின்னர் இரவில் ஃபியோர்டைக் கடந்து (ஃபியோர்டு என்பது மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடற்கால்), மறுகரையிலிருந்த ஆளரவமற்ற மரக்குடிலில் சேர்த்தனர். அடுத்து, பளுவான சறுக்கு வண்டியில் அவரைக் கட்டி, செங்குத்தான மலைச்சரிவில் இழுத்து ஏற்றி, மேட்டுநிலத்தில் மாண்டாலன் பள்ளத்தாக்கு மக்களிடம் ஒப்படைக்க முயன்றனர். பனிப்புயலால் அந்த ஒப்படைப்பு தவறியது. பலமுறை தேடி வந்தும் எல்லைவரை கொண்டுசெல்ல முடியாமல், அவரைப் பனிக்குள்ளேயே கிடத்தி, உணவு கொண்டுபோய்க் கொடுத்து, வாரக்கணக்கில் உயிரோடு காத்தவர்கள் அம்மாண்டாலன் மக்களே. அழுகல் மேலே பரவாதிருக்க அவர் தம் கால்விரல்களைத் தாமே கத்தியால் அறுத்துக்கொண்டது அக்காலத்தில்தான். கலைமான் வளர்க்கும் பழங்குடியினரான சாமி மக்கள் இறுதியில் தம் மந்தையோடு அவரை வண்டியில் ஏற்றி, ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த பின்லாந்தின் நிலப்பகுதி வழியாகச் சுவீடனுக்குள் சேர்த்தனர்.

இக்கதையைப் பெரிய அளவில் உலகறியச் செய்த நூலை 1955இல் எழுதிய டேவிட் ஹோவர்த், போர்க்காலத்தில் ஷெட்லாந்து படகுப் போக்குவரத்தில் பணியாற்றிய கடற்படை அதிகாரி. அவர் இம்மக்களை மறைக்கவில்லை, விரிவாகவே எழுதினார். பின்னர் வந்த சுருக்கங்களும் உயிர்பிழைத்தல் பற்றிய தொகுப்புகளும் உரைகளும்தான் கிராமங்களை உதிர்த்துவிட்டு, பனியில் கிடந்த ஒரு மனிதனையும் ஒரு கத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டன. பால்ஸ்ரூட் தாமே இதை எவ்வாறு கருதினார் என்பதற்கு அவருடைய கல்லறை சான்றாகும். 1988இல் இறந்த அவருடைய சாம்பல், அவருக்கு உதவிய உள்ளூர் மனிதர் ஒருவரின் கல்லறையில், மாண்டாலனில் புதைக்கப்பட்டுள்ளது. தம் உயிர் யாருடைய கைகளில் இருந்தது என்பதை அறிந்த ஒருவரின் முடிவு அது. அவரைத் தனிமனித வீரத்தின் சின்னமாக்குவோர் அவருடைய சாட்சியத்தையே புறக்கணிக்கின்றனர்.

அம்மக்கள் செய்தது விருந்தோம்பலின் எளிய வெளிப்பாடு என்று கொள்வதும் தவறு. அவர்கள் எதைப் பணயம் வைத்தனர் என்பதை அறிய, அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன் நார்வேயின் மேற்குக் கரையில் நிகழ்ந்ததை நோக்க வேண்டும். 1942 ஏப்ரலில் டெலவோக் என்ற மீனவக் கிராமத்தில் லிங்க கம்பெனியைச் சேர்ந்த இருவர் ஒளிந்திருந்ததைக் கண்டறிந்த கெஸ்டாபோ, அதாவது நாட்சிகளின் இரகசியக் காவல்துறை, அவர்களைப் பிடிக்கச் சென்றபோது அதன் அதிகாரிகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்குப் பழிவாங்க, கிராமத்தின் வீடுகள் அனைத்தும் அழிக்கப்பட்டன, படகுகள் மூழ்கடிக்கப்பட்டன, கால்நடைகள் பறிக்கப்பட்டன. ஆண்கள் 72 பேர் ஜெர்மனியிலிருந்த சக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட, அவர்களுள் 31 பேர் அங்கேயே இறந்தனர். பெண்களும் குழந்தைகளும் சிறைவைக்கப்பட்டனர். இந்நிகழ்ச்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத நார்வேஜியக் கைதிகள் 18 பேரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். கமாண்டோ ஒருவரை ஒளித்துவைத்தால் தம் ஊருக்கு என்ன நேரக்கூடும் என்பதைக் காட்டும் இத்தகைய ஒரு முன்னுதாரணம் நிற்கும் நாட்டில், பல ஊர்களைச் சேர்ந்த மக்கள் வாரக்கணக்கில் ஒருவரை மறைத்துவைத்திருந்தனர். இதை அந்த ஒருவரின் சாதனை என்று எழுதுவது எவ்வகையிலும் பொருந்தாது.

தனிமனித ஆற்றலே உயிர்காத்தது என்ற வாதத்தின் அடிப்படைக் குறை, அது பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவதில் உள்ளது. ஆய்வாளர்கள் இதைப் பிழைத்தோர் சார்பு என்பர்; வென்றவர்களிடம் காணப்படும் பண்பே வெற்றிக்குக் காரணம் என்று முடிவுகட்டும்போது, அதே பண்பு தோற்றவர்களிடமும் இருந்ததா என்று பார்க்கத் தவறும் பிழையே இது. இதைச் சோதித்தறிய, போர்தோ துறைமுகத் தாக்குதலான ஃபிராங்க்டன் நடவடிக்கையை விடத் தெளிவான நிகழ்ச்சி கிடைப்பது அரிது. 1942 டிசம்பர் 7ஆம் நாள் இரவு, டியூனா என்ற நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பிரிட்டிஷ் அரச மரைன் படையினர் 10 பேர், படகுக்கு இருவராக ஐந்து மடிப்புப் படகுகளில் ஷிரோந்து கழிமுகத்தில் இறங்கினர். அவர்களுள் இருவர் குளிர்நீரில் மாண்டனர். இருவர் முதல்நாளே பிடிபட்டனர். இரண்டு படகுகள் மட்டும் போர்தோவை அடைந்து, கப்பல்களின் அடிப்பகுதியில் காந்தக் கண்ணிவெடிகளை ஒட்டின. ஹாஸ்லரும் ஸ்பார்க்ஸும் ஒரு படகினர். கார்ப்பரல் லாவரும் மில்ஸும் மற்றொரு படகினர்.

இதற்குப் பின் மூன்று இணைகள் தரைவழியே தப்ப முயன்றன. ஹாஸ்லரும் ஸ்பார்க்ஸும், லாவரும் மில்ஸும் தம் பணியை முடித்துவிட்டுப் புறப்பட்டனர். வழியில் படகை இழந்த லெப்டினன்ட் மக்கின்னனும் கான்வேயும் மூன்றாம் இணை. மூவிணையினரும் ஒரே படைப்பிரிவில் ஒரே பயிற்சி பெற்றவர்கள். ஒரே நோக்கத்தோடு ஒரே குளிரைத் தாங்கியவர்கள். லாவரும் மில்ஸும் சில நாள்களிலேயே பிரெஞ்சுக் காவலர்களிடம் அகப்பட்டு ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மக்கின்னனும் கான்வேயும் உள்நாட்டில் நெடுந்தொலைவு சென்று, சில குடும்பங்களின் உதவியும் பெற்று, லா ரியோல் என்ற ஊரில் அதே வகையில் அகப்பட்டனர். நால்வரும் பின்னர் கொல்லப்பட்டனர். ஹாஸ்லரும் ஸ்பார்க்ஸும் மட்டும், வழியில் குடியானவர்கள் கொடுத்த பழைய உடைகளை அணிந்து, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நடந்து ரூஃபெக் என்ற சிறுநகரை அடைந்து, அங்கிருந்த ஓர் உணவகத்தில் தம்மை வெளிப்படுத்திக்கொண்டனர். அவ்வுணவகத்தார் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ரூஃபெக்கில் அவர்களை ஏற்றுக்கொண்டது ஒரு தப்பிப்புத் தடம். தப்பிப்புத் தடம் என்பது மறைவிடம், போலி அடையாளச்சீட்டு, வழிகாட்டி, தொடர்வண்டிப் பயணச்சீட்டு, உணவு ஆகியவற்றை ஊர் ஊராகக் கைமாற்றி, தேடப்படுபவரை எல்லைவரை கொண்டுசேர்க்கும் இரகசிய மனிதச் சங்கிலியாகும். மேரி லிண்டல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி நடத்திய அத்தடம், இருவரையும் ஒரு பண்ணைவீட்டில் வாரக்கணக்கில் ஒளித்துவைத்து, பின்னர் லியோன் வழியாகப் பிரனீஸ் மலைகளைக் கடக்கச் செய்து ஸ்பெயினில் சேர்த்தது. ஹாஸ்லர் 1943 ஏப்ரல் தொடக்கத்தில் பிரிட்டனை அடைந்தார். அதே ஆண்டில் கைதான லிண்டல், பெண்களுக்கென அமைந்த ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். துணிவிலும் பயிற்சியிலும் வேறுபாடு காண முடியாத மூன்று இணைகளுள் ஒன்று வாழ்ந்ததற்கும் இரண்டு அழிந்ததற்கும் இடையே நின்ற வேறுபாடு, அவர்கள் எதிர்ப்பட்ட மனிதர்களே ஆவர். ஹாஸ்லரின் மனத்திண்மையே அவரைக் காத்தது என்று கூறுவோர், லாவருக்கு அது இல்லை என்று கூறாமல் கூறுகின்றனர். தம் பணியை முழுமையாக முடித்துவிட்டு மாண்ட இளைஞனைப் பற்றி அவ்வாறு கூறுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆபத்தை ஏற்றதில் வீரருக்கும் உதவியவருக்கும் இருந்த சட்ட நிலையையும் ஒப்பிட வேண்டும். 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, தப்பியோடிப் பிடிபட்ட போர்க்கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கையாக 30 நாள்களுக்கு மேற்படாத தண்டனை மட்டுமே விதிக்கலாம். சிறப்புப் படையினருக்கு இந்தப் பாதுகாப்பையும் ஹிட்லர் மறுத்தார் என்பது உண்மை. சீருடையில் சரணடைந்தாலும் கமாண்டோக்களைக் கொல்ல வேண்டும் என்று 1942 அக்டோபர் 18இல் அவர் ஆணையிட்டார். ஆனால் அந்த ஆணை ஒரு போர்க்குற்றம் என்று பின்னர் தீர்ப்பாயங்கள் உறுதிசெய்தன. இத்தாலியில் அமெரிக்க வீரர்கள் 15 பேரை அவ்வாறு கொல்லச் செய்த ஜெனரல் அன்டன் டோஸ்ட்லர் 1945 டிசம்பரில் மரணதண்டனை பெற்றார். உதவிய குடிமக்களுக்கோ மீறப்படுவதற்குரிய ஒரு பாதுகாப்புக்கூட ஏட்டில் இருக்கவில்லை. எதிரி விமானிகளுக்கு உதவும் ஆண்கள் சுட்டுக்கொல்லப்படுவர் என்றும், பெண்கள் ஜெர்மனியிலுள்ள முகாம்களுக்கு அனுப்பப்படுவர் என்றும் பிரான்சில் ஜெர்மன் இராணுவ நிர்வாகம் 1941இலேயே வெளிப்படையாக அறிவித்திருந்தது. வீரர் தாமே விரும்பிப் படையில் சேர்ந்தவர், ஆயுதம் ஏந்தியவர், ஒருநாள் அவ்விடத்தை விட்டு நீங்கக்கூடியவர். கதவைத் திறந்த பெண்ணுக்கோ பயிற்சியும் இல்லை, ஆயுதமும் இல்லை, உள்ளே உறங்கும் குழந்தைகளை விட்டுப் போவதற்கு வேறு இடமும் இல்லை.

அந்த அறிவிப்புகள் வெற்று மிரட்டல்கள் அல்ல. 1944 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை லாய்டன் என்ற பெயரில் நடத்திய நடவடிக்கையின்போது, அவர்கள் மறைந்திருந்த இடத்தைச் சொல்ல மறுத்த மூஸே என்ற கிராமத்தின் 16 வயது முதல் 60 வயது வரையிலான ஆண்கள் 210 பேர் பிடித்துச்செல்லப்பட்டு வதைமுகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் 70 பேர் மட்டுமே திரும்பினர். பிடிபட்ட எஸ்.ஏ.எஸ். வீரர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட நடவடிக்கை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் ஒரே ஓர் ஊர் இழந்த உயிர்கள் அப்படையினர் இழந்த உயிர்களைவிடப் பல மடங்கு மிகுதி. இத்தாலியில் தப்பிவந்த நேசநாட்டுக் கைதிகளுக்கு அடைக்கலம் தந்த செர்வி குடும்பத்தின் சகோதரர்கள் எழுவரும் 1943 டிசம்பர் 28இல் ஒன்றாகச் சுட்டுக்கொல்லப்பட்டனர். பெல்ஜியத்திலிருந்து ஸ்பெயின் எல்லைவரை நீண்ட காமெட் தடத்தைத் தம் இருபதுகளின் நடுவில் உருவாக்கிய ஆந்த்ரே த யோங் என்ற பெண்மணி 1943 ஜனவரியில் கைதாகி வதைமுகாம்களுக்குச் சென்றார். அவருடைய தந்தை 1944இல் சுடப்பட்டார். தப்பியவர்களின் பட்டியலோடு இப்பெயர்களும் சேர்த்து வைக்கப்பட்டாலன்றிக் கணக்கு முழுமையாகாது.

இம்மறுப்புக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம், மக்களே இல்லாத வெளிகளில் தனித்தே தப்பியவர்கள் உண்டு என்பதாகும். 1942இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தம் குழுவைப் பிரிந்து தனியே நடந்து மீண்ட எஸ்.ஏ.எஸ். வீரர் ஜாக் சில்லிட்டோவும், 1991இல் பிராவோ டூ ஸீரோ என்ற எண்மர் குழுவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்து சிரியாவை அடைந்த ரயனும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இவர்களின் அருஞ்செயலை மறுப்பதற்கு எதுவுமில்லை. ஆயினும் இவை விதிவிலக்கு என்பதை அந்த எண்மர் குழுவின் முடிவே காட்டுகிறது. மூவர் மாண்டனர், நால்வர் பிடிபட்டனர், ஒருவர் மட்டுமே மீண்டார். 1991இன் ஈராக் போருக்குச் சென்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையினரின் உடைமைகளுள் தங்க நாணயங்களும், தம்மைப் பாதுகாப்பாக ஒப்படைப்போருக்குப் பிரிட்டிஷ் அரசு வெகுமதி அளிக்கும் என்று அரபு மொழியில் அச்சிட்ட உறுதிச்சீட்டும் இருந்தன. முன்பின் அறியாத ஒருவரின் மனம் இரங்காமல் மீள்வது அரிது என்பதை அப்படையே ஏற்றுக்கொண்டிருந்தது என்பதற்கு அச்சீட்டைவிட வேறு சான்று தேவையில்லை. மேலும், அக்குழுவினர் எழுதிய நூல்களில் விவரிக்கப்பட்ட சண்டைகள் சிலவற்றை, 2000களின் தொடக்கத்தில் அப்பகுதிக்கே சென்று உள்ளூர் மக்களை விசாரித்த மைக்கேல் ஆஷர் என்ற முன்னாள் எஸ்.ஏ.எஸ். வீரர் வன்மையாக மறுத்துள்ளார். எவர் கூற்று சரி என்பது எவ்வாறாயினும், பத்தாண்டுக் காலம் உள்ளூர் மக்களைக் கேளாமலேயே அக்கதை உலகுக்குச் சொல்லப்பட்டது என்பது மறுக்க முடியாதது.

இரண்டாவது வாதம், பயிற்சியும் மனத்திண்மையும் இன்றி எவரும் உதவியாளரின் கதவுவரைகூட வந்திருக்க முடியாது என்பது. இது முற்றிலும் உண்மை. இக்கட்டுரை மறுப்பது இதை அன்று. தேவையான ஒரு காரணத்தைப் போதுமான காரணமாகக் கொள்வதையே மறுக்கிறது. விதை நன்றாக இருந்தால்தான் பயிர் முளைக்கும் என்பதற்காக, விளைச்சல் முழுவதையும் விதையின் பெருமையாக எழுதிவிட்டு மண்ணையும் நீரையும் உழைத்தவரையும் விட்டுவிடுவது எந்த உழவரும் ஏற்காத கணக்கு. லாவரிடமும் மக்கின்னனிடமும் அந்த விதை இருந்தது என்பது முன்னரே காட்டப்பட்டது.

மூன்றாவது வாதம், உள்ளூர் மக்கள் காட்டிக்கொடுத்ததும் உண்டு என்பது. பிராத்ஹோல்ம் படகினர் அழிந்ததும், ஃபிராங்க்டன் வீரர்கள் நால்வர் பிரெஞ்சுக் காவலர்களிடம் அகப்பட்டதும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆனால் இவ்வாதம் தன்னையே முறித்துக்கொள்கிறது. ஒரு கடைக்காரரின் அச்சம் பதினொருவரின் உயிரைப் பறிக்க முடிந்தது என்றால், ஒரு வீரர் வாழ்வதும் சாவதும் தம் பயிற்சியைவிடப் பிறருடைய தீர்மானத்தையே மிகுதியும் சார்ந்திருந்தது என்பதுதான் அதன் பொருள். அஞ்சுவதற்கு எல்லாக் காரணமும் இருந்த சூழலில் சிலர் அஞ்சினர் என்பதைக்கொண்டு, அஞ்சாதவர்களின் செயலை வரலாற்றிலிருந்து நீக்க முடியாது. அவர்களுடைய தேர்வு எவ்வளவு கடினமானது என்பதையே அது எடுத்துக்காட்டுகிறது.

பிழையான கருத்து இவ்வளவு வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் சில நேர்மையானவை. போர் நடக்கும்போது உதவியவர்களின் பெயரை வெளியிடுவது அவர்களைக் கொல்வதற்கு ஒப்பாகும். ஆகவே முதல் அறிக்கைகளில் பெயர்கள் மறைக்கப்பட்டன. வீரருக்கு அவருடைய மேலதிகாரி உண்டு, பதக்கம் வழங்கும் முறை உண்டு, பின்னர் நூல் வெளியிடும் பதிப்பகமும் உண்டு. மலைக்கிராமத்து மீனவருக்கோ கலைமான் மேய்ப்பவருக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. உதவியவர்களின் மொழியைக் கதை எழுதியவர்களுள் பலர் அறியார். தப்பியவர் ஒருவர், உதவியோர் பலர், ஒவ்வொருவரும் தம் பகுதியை மட்டுமே அறிந்தவர்கள், ஒருவரைப் பின்தொடர்ந்து சொல்வதே கதைக்கு எளிது. ஆனால் போர் முடிந்து பெயர்கள் வெளிவந்த பின்னும், மறைப்பதற்கான தேவை நீங்கிய பின்னும் அதே வடிவத்தைத் தொடர்வதற்கு நியாயமில்லை.

இப்பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை; உயிரோடு இருப்போரைத் தாக்குகிறது. 2005 ஜூன் 28இல் குனார் மாகாணத்தில் அமெரிக்கக் கடற்படைச் சிறப்புப் பிரிவினர் நால்வருள் மூவர் கொல்லப்பட்டு, அவர்களை மீட்க வந்த ஹெலிகாப்டரில் இருந்த 16 பேரும் மாண்டபின், படுகாயத்தோடு எஞ்சிய லட்ரெலைத் தம் கிராமத்துக்குக் கொண்டுசென்று ஒளித்தவர் முகம்மது குலாப். அடைக்கலம் வேண்டி வந்தவரைத் தம் உயிரைக் கொடுத்தேனும் காக்க வேண்டும் என்று விதிக்கும் பஷ்தூன்வாலி என்ற பஷ்தூன் மக்களின் வாழ்நெறிப்படி அவரும் ஊராரும் நடந்துகொண்டனர். தாலிபான் மிரட்டியபோதும் ஒப்படைக்க மறுத்தனர். ஊர் முதியவர் ஒருவரின் கையில் செய்தி அனுப்பி அமெரிக்கப் படையை வரவழைத்தனர். ஜூலை 2இல் லட்ரெல் மீட்கப்பட்டார். அவரைத் தனித்து எஞ்சியவராகக் காட்டும் தலைப்போடு நூலும் 2013இல் திரைப்படமும் வெளிவந்து புகழ்பெற்றன. குலாபோ பல ஆண்டுகள் தாலிபானின் கொலை மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் இடையே வாழ்ந்து, பத்தாண்டு அளவுக்குப் பின்னரே தம் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேற முடிந்தது. தப்புவித்தவரைத் துணைப்பாத்திரமாகக் கருதும் ஒரு சமூகம், அவருக்குத் தான் பட்ட கடனையும் சில்லறைக் கடனாகவே கருதும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

படைத்துறையின் நோக்கில் பார்த்தாலும் இக்கருத்து தீங்கானது. 1939 டிசம்பரில் பிரிட்டன் தப்புவோருக்கு உதவுவதற்கென எம்.ஐ.9 என்ற உளவுப்பிரிவை அமைத்தபோது, பட்டுத்துணியில் அச்சிட்ட வரைபடங்களையும் சட்டைப் பொத்தானில் மறைத்த திசைகாட்டிகளையும் வழங்கியதோடு அது நின்றுவிடவில்லை. ஐரோப்பாவில் தாமாகவே தோன்றிய தடங்களுக்குப் பணமும் வானொலியும் ஆள்களும் அனுப்பியது. ஹாஸ்லரின் குழுவுக்கு ரூஃபெக்கை நோக்கிச் செல்லுமாறு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. கருவி ஒருவரைச் சில நாள்கள் காக்கும், அதன்பின் மனிதர்களே காக்க வேண்டும் என்பதை அப்பிரிவு அறிந்திருந்தது. தனிமனித வீரக் கதையை மட்டும் கற்ற படை, வீரரின் உடலையும் கருவியையும் மேம்படுத்துவதில் முனைந்து, அவர் இறங்கும் நிலத்து மக்களின் மொழியையும் அறநெறியையும் அச்சத்தையும் கற்பதைப் புறக்கணிக்கும். அந்த மக்களை இழிவாக நடத்தும் படைக்கு அவர்களுடைய கதவுகள் திறவா என்ற எளிய உண்மையும் அப்போது மறக்கப்படும்.

நன்றியை நிறுவனமாக்கிய வீரர்களும் உண்டு. எஸ்.ஏ.எஸ். படையில் பணியாற்றி, இத்தாலியில் கைதாகித் தப்பிய கீத் கில்பி, அந்நாட்டுக் குடியானவர்கள் தமக்கும் பல்லாயிரம் கைதிகளுக்கும் செய்த உதவிக்கு ஈடாக 1989இல் மான்டே சான் மார்ட்டினோ அறக்கட்டளையைத் தோற்றுவித்து, இத்தாலிய இளைஞர்கள் பிரிட்டனில் கல்வி பெற உதவித்தொகை அளிக்கச் செய்தார். தப்பியவர்களுள் இவரைப் போன்றோர் உண்மையைச் சொல்லத் தயங்கவில்லை. தயங்குவோர் பெரும்பாலும் அவர்களைப் பற்றி எழுதுவோரும், அக்கதைகளால் பிறருக்கு ஊக்கமூட்ட விழைவோருமே.

ஆகவே வேண்டுவது வீரர்களின் பெயரை அழிப்பதன்று; அவர்களோடு நிற்க வேண்டிய பெயர்களை நிறுத்துவது. தப்பிய வீரரின் கதையை எழுதும் ஒவ்வொருவரும், அவர் எத்தனை நாள் தம் ஆற்றலால் சென்றார், எத்தனை நாள் பிறரால் சுமக்கப்பட்டார் என்பதையும், அவரைச் சுமந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும், அதே பயிற்சியோடு அதே பாதையில் சென்று மீளாதவர்கள் யார் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இம்மூன்றுக்கும் விடை தராத நூல் எவ்வளவு விறுவிறுப்பாக இருப்பினும் வரலாறு ஆகாது. ஒரு வீரரைக் காக்க ஓர் ஊரே தன்னை ஈடுவைத்தது என்று சொல்வதால் அவ்வீரரின் பெருமை குறைவதில்லை. எத்தகைய மக்களின் விடுதலைக்காக அவர் போரிட்டார் என்பதையும் அப்போதுதான் உலகம் அறியும்.